தும்பிக்கு வழி விட்ட ஊர்

மங்கையர்க்கரசி பத்தொன்பது வருடமாகக் கார்களை ஓட்டிப் பார்த்து, அவற்றைப் பற்றி எழுதிப் பிழைத்துவந்தாள். கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே கம்பெனிக்காரன் எந்த இடத்தில் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். 'வண்டி உலகம்' பத்திரிகையில் அவளுடைய ஒப்பீட்டைப் படித்துவிட்டுக் கார் வாங்கியவர்கள் உண்டு. வாங்கிவிட்டுப் படித்து வயிறெரிந்தவர்கள் அதைவிட அதிகம்.

அந்த வாரம் அவளிடம் மூன்று சின்ன மின்சாரக் கார்கள் வந்திருந்தன. ஐராவதம் மினி, சாம்ராட் சிட்டி இரண்டும் பழம் தின்று கொட்டை போட்ட கம்பெனிகளின் தயாரிப்பு. மூன்றாவது தும்பி. பீளமேட்டில் பம்ப்செட் செய்துகொண்டிருந்த ஒரு பட்டறையில் நஞ்சப்பன் என்ற இன்ஜினியரும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து செய்தது. எடை நானூற்றுப் பத்து கிலோ. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் மூன்று நாள் ஓடும். திருவல்லிக்கேணியில் அவள் வீடு இருந்த சந்துக்குள் வாசல் வரைக்கும் வந்து நின்ற ஒரே கார் அதுதான். மற்ற இரண்டும் சந்து முனையிலேயே நின்று கண்ணாடியை மடக்கிக்கொண்டன.

ஓட்டிப் பார்த்தால் தும்பி தங்கம். ஆனால் சந்திப்பு என்று ஒன்று வருமே, அங்கேதான் அதன் வண்டவாளம் வெளியே வந்தது.

நகரத்தில் சிக்னல் விளக்குகளைப் பிடுங்கிப் போட்டு ஒன்பது வருடமாகிவிட்டது. நாற்சந்தி வந்தால் ஸ்டியரிங் நம் கையில் இருக்காது. வண்டிகள் தங்களுக்குள் பேசி, யார் முதலில் போவது என்று முடிவு பண்ணிக்கொள்ளும். எதை வைத்து முடிவு பண்ணுவது என்று தீர்மானிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பெரிய வண்டி செய்கிற கம்பெனிக்காரர்கள். கனமான வண்டி பிரேக் போட்டு நிற்க நேரமாகும், ஆகவே கனமானதற்கு வழி விடுவதே பாதுகாப்பு என்று அவர்கள் ஒரு பைசா கள்ளமில்லாத முகத்தோடு எழுதிக் கொடுத்தார்கள். அரசாங்கமும் கையெழுத்துப் போட்டது.

அப்புறம் ஊர் மாறிப்போனது. சின்னக் கார் வைத்திருந்தவர்கள் டிக்கியில் ஆட்டுக்கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள். ஆள் எடையும் கணக்கில் சேரும் என்பதால் குடும்பத்தில் அதுவரை யாரும் சீந்தாத குண்டுச் சித்தப்பாக்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. ஐராவதம் கம்பெனிக்காரன் இன்னும் கெட்டிக்காரன். மினி என்று பெயர் வைத்துவிட்டு இருக்கைக்கு அடியில் எண்ணூறு கிலோ கான்கிரீட்டை ஊற்றி, அதற்கு 'மரியாதைத் தளம்' என்று பெயரும் சூட்டி விளம்பரம் செய்தான்.

மங்கையர்க்கரசி மூன்று கார்களையும் ஒரே பாதையில் ஓட்டிப் பார்த்தாள். வீட்டிலிருந்து பெருங்குடிப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிவரை பதினொரு சந்திப்பு. ஐராவதம் நாற்பத்தொரு நிமிடம், சாம்ராட் நாற்பத்து நாலு. தும்பி மூன்று மணி பத்து நிமிடம். ஒரே ஒரு சந்திப்பில் மட்டும் ஐம்பத்திரண்டு நிமிடம் நின்றது. தண்ணீர் லாரி போனது, பள்ளிக்கூட பஸ் போனது, ஏழு வண்டியில் ஒரு கல்யாண கோஷ்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. தும்பி எல்லாருக்கும் "நீங்கள் செல்லலாம், வணக்கம்" என்று சொல்லிக்கொண்டே நின்றது.

ஆஸ்பத்திரி வரைக்கும் என்று பாதையைத் தேர்ந்தெடுத்தது கட்டுரைக்காக மட்டும் இல்லை. அவள் கணவர் பொய்யாமொழிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கணக்கு வாத்தியார், ஐம்பத்திரண்டு வயது. திங்கள், புதன், சனி, காலை பத்து மணிக்கு டயாலிசிஸ். பதினைந்து நிமிடம் தாமதித்தால் படுக்கை அடுத்த ஆளுக்குப் போய்விடும். பெரிய கார் சந்துக்குள் வராது, அவராலும் நடக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மெயின் ரோடு வரைக்கும் தூக்கிப் போவார்கள். போன திங்கட்கிழமை அந்த இரண்டு பேரும் ஊரில் இல்லை. ஆள் தேடிப் பிடித்து, சாம்ராட்டில் ஏற்றிப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. படுக்கை போயிருந்தது. இரண்டு முறை தொடர்ந்து தவறினால் தண்ணீர் நுரையீரலில் ஏறிவிடும், அப்புறம் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை அவர் கால் இரண்டும் வீங்கி, பேசும்போது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

அன்று மத்தியானம் ஆசிரியர் அருளப்பன் கூப்பிட்டார். "மங்கை, தும்பிக்கு ரெண்டு ஸ்டார் போதும்மா. பாவம் சின்னக் கம்பெனி, ஒண்ணு குடுத்தா மனசு கஷ்டப்படும்."

"சார், வண்டி நல்ல வண்டி."

"நல்ல வண்டின்னு நீ சொல்ற. பின்னட்டை விளம்பரம் குடுக்கிறது ஐராவதம். சாம்ராட்காரன் நடுப்பக்கம். தும்பிக்காரன் என்ன குடுப்பான், பம்ப்செட்டா?"

அவள் போனை வைத்துவிட்டு நஞ்சப்பனைக் கூப்பிட்டாள். மூன்று மணி பத்து நிமிடக் கதையைச் சொன்னாள்.

"நீங்களும் கல்லு போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?"

"கல்லு போட்டாச் சந்துக்குள்ள எப்படிங்க மேடம் போகும்? அது எங்களுக்குக் கௌரவப் பிரச்சனைங்க." நஞ்சப்பன் குரலில் பரிதாபமும் பெருமையும் சரிபாதியாக இருந்தன. "ஆனா அது தானாக் கத்துக்குற வண்டிங்க. தெனமும் ரோட்டப் பாத்து, யாருக்கு யாரு வழி விடுறாங்கன்னு கவனிச்சுட்டே இருக்கும். நாலு நாள் உங்க ஊர்ல நின்னுருக்குதல்லங்க, இந்நேரம் ஏதாச்சும் வழி கண்டுபுடிச்சிருக்கும். எத்தன மணிக்குப் போய்ச் சேரணும்னு மட்டும் சொல்லிப் பாருங்க."

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்குத் தும்பி வாசலில் வந்து நின்றது. பொய்யாமொழி சுவரைப் பிடித்துக்கொண்டு நாலே எட்டில் ஏறி உட்கார்ந்தார். நாற்காலி இல்லை, தூக்கல் இல்லை. அந்த நாலு எட்டைப் பார்த்தே மங்கையர்க்கரசிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பத்து மணிக்குள்ள இவர் ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றாள் காரிடம். "எப்படியாவது."

"சட்டத்திற்கு உட்பட்டு எல்லா வழிகளையும் பயன்படுத்தலாமா?" என்று தும்பி வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரிக் கேட்டது.

"பயன்படுத்திக்கோ."

"பயணியின் அடையாள அட்டையைக் காட்டவும்."

அவள் கணவரின் மருத்துவ அட்டையைக் காட்டினாள். வண்டி கிளம்பியது.

அதற்குப் பிறகு நடந்ததை அவளால் நம்பவே முடியவில்லை. அண்ணா சாலை முனையில் மூன்று டன் ஐராவதம் ஒன்று உறுமிக்கொண்டு வந்து, தும்பியைக் கண்டதும் அப்படியே அடங்கி நின்றது. உள்ளே இருந்த கனவான் கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினார். ஸ்கூட்டரில் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் ஊன்றி நின்றார். தண்ணீர் லாரிக்காரன் பாட்டை நிறுத்தினான். சைதாப்பேட்டையில் ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பூக்காரம்மா ஒருத்தி ஓடி வந்து ஒரு கை உதிரிப்பூவை பானெட்டில் வீசிவிட்டுப் போனாள்.

மங்கையர்க்கரசி ஒலிக்குறிப்பில் மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். "சாலையில் தும்பிக்கு மக்களிடம் அமோக வரவேற்பு. பெரிய வண்டிக்காரர்கள்கூட மரியாதை தருகிறார்கள். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பாசம் காரணமாக இருக்கலாம்."

"அந்தப் பொம்பளை ஏன் கண்ணைத் துடைக்குது?" என்றார் பொய்யாமொழி.

"தூசுங்க."

"எல்லாருக்குமா?"

ஒன்பது இருபதுக்கு ஆஸ்பத்திரி. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நாற்பது நிமிடம் முன்னதாக வந்திருந்தார்கள். ஆனால் தும்பி முன்வாசலில் நிற்கவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே, தகரக் கதவு போட்ட ஓர் அறை முன்னால் நின்றது. அது பிணவறை. மங்கையர்க்கரசி இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தாள். பின்கண்ணாடி முழுக்க பொய்யாமொழியின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கீழே, 'அமரர் திரு. பொய்யாமொழி, வயது 52. இறுதிப் பயணம்' என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

படத்தை அணைக்கச் சொல்லிக் கத்தினாள், அது அணையவில்லை. ஒரு சக்கர நாற்காலியை இழுத்து வந்து அவரை ஏற்றித் தள்ளிக்கொண்டு டயாலிசிஸ் பிரிவுக்கு ஓடினாள். கவுன்டரில் ஸ்டெல்லா என்ற பெண் இருந்தாள். வருடக்கணக்கில் பழகின பெண்தான்.

"மேடம்... சார் எட்டு ஐம்பத்திரண்டுக்குத் தவறிட்டாருன்னு வந்துச்சு. நாங்க எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டோம்."

"இதோ உட்கார்ந்திருக்காரேம்மா!"

ஸ்டெல்லா பொய்யாமொழியைப் பார்த்தாள். "வணக்கம் சார்" என்றாள் தயக்கத்தோடு. பிறகு திரையைப் பார்த்தாள். "பெட்டை அடுத்தவருக்குக் குடுத்தாச்சு மேடம். ரெண்டு மணிக்கு ஒண்ணு காலியாகுது. ஆனா இறந்தவர் பேருக்குப் போட்டா மிஷின் ஸ்டார்ட் ஆகாது. உயிர்ப் பதிவு அலுவலகத்துல திருத்திட்டு வந்துருங்க. இறந்தவர் நேர்ல போகணும். இன்னைக்கு விட்டா அப்புறம் சனிக்கிழமைதான்."

"சனிக்கிழமை வரைக்கும் நான் தாங்க மாட்டேன்மா" என்றார் பொய்யாமொழி, மூச்சை இழுத்துக்கொண்டு. "அப்ப அந்தப் பதிவு சரியாத்தான் இருக்கும்."

உயிர்ப் பதிவு அலுவலகம் நகரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. போகிற வழியில் நஞ்சப்பனைப் போனில் பிடித்துத் திட்டித் தீர்த்தாள்.

"சத்தியமா நாங்க சொல்லிக் குடுக்கலீங்க மேடம்!" அவன் அழுதேவிட்டான். "அதுவே பாத்துக் கத்துக்கிச்சுங்க. எட கணக்கில்லாம எல்லாரும் வழி விடுற வண்டி ஊருக்குள்ள ஒண்ணே ஒண்ணுதானுங்க."

"ஏன், ஆம்புலன்ஸ்?"

"அந்தச் சலுகைய எப்பவோ எடுத்துட்டாங்க. ஆளாளுக்கு ஆம்புலன்ஸ்னு பொய் சொல்லிட்டுச் சினிமாவுக்குப் போனாங்களாம். செத்ததா மட்டும் எவனும் பொய் சொல்ல மாட்டான், அபசகுனம்னு பயப்படுவான்னு குழுவுல நெனச்சாங்க. அதனால இத விட்டு வெச்சாங்க. பொணத்தக் காக்க வெக்கக் கூடாதுன்னு, வண்டி கெளம்புனதுமே பதிவு ஆயிரும். டாக்டர் சீட்டு அப்புறம் குடுத்தாப் போதும்ங்க."

சாகக் கிடக்கிறவனுக்கு வழி விடாத ஊர் செத்தவனுக்குச் செருப்பைக் கழற்றுகிறது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். இன்னொரு கனவான் கைகூப்பிக்கொண்டிருந்தார். முகத்தில் காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் வண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தது, அவளுக்கு அந்த வேகம் வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் 'மரண ஆட்சேபப் பிரிவு' என்று தனிக் கவுன்டரே இருந்தது. எழுத்தர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பொய்யாமொழியை ஏற இறங்கப் பார்த்தார்.

"இறந்தவர் யாரு?"

"நான்தான்" என்றார் பொய்யாமொழி.

"எதனால ஆட்சேபிக்கிறீங்க?"

"மூச்சு வருதுங்க. கொஞ்சமாத்தான் வருது. ஆனா வருது."

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூன்று இடத்தில் கைரேகை வாங்கினார். பன்னிரண்டே முக்காலுக்குப் பொய்யாமொழி மறுபடியும் உயிரோடு வந்தார். "ஒரு ஆளுக்கு ஆயுசுல ஒரு தடவைதான் திருத்தம்" என்றார் எழுத்தர். "அடுத்த தடவை பதிவானா பதிவானதுதான். ஜாக்கிரதையா இருங்க."

வாசலுக்கு வந்தார்கள். தும்பி இப்போது வெறும் நானூற்றுப் பத்து கிலோ வண்டி.

"ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?" என்றாள்.

"நான்கு மணி ஐந்து நிமிடம்."

வாடகைக்கு ஒரு பெரிய வண்டியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மதிய நேரம், வந்து சேரவே ஒன்றரை மணி நேரமாகும் என்றது. பொய்யாமொழி உதடு நீலம் பாரித்து, தலையைச் சீட்டில் சாய்த்திருந்தார். வீங்கின காலில் செருப்பு நுழையாமல் மடியில் வைத்திருந்தார்.

"பயணிகளில் ஒருவர் இறந்திருந்தால் நாற்பத்தைந்து நிமிடம்" என்று தும்பி அடக்கமாகச் சேர்த்துச் சொன்னது.

மங்கையர்க்கரசி கைப்பையைத் திறந்தாள்.

"வேணாம் மங்கை" என்றார் அவர். என்ன நினைக்கிறாள் என்று கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. "வேற வழி பாக்கலாம்."

"பாத்தாச்சுங்க." அவள் தன் அட்டையைக் காட்டினாள்.

திரும்பும் வழியெல்லாம் ஊர் அவளைக் கும்பிட்டது. கிண்டியில் யாரோ ஒருவர் மாலையே போட்டார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்தக் கை சில்லென்று இருந்தது. ஒன்று ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. இரண்டு மணிக்குப் பொய்யாமொழி படுக்கையில் இருந்தார். மிஷின் ஓட ஆரம்பித்ததும் மங்கையர்க்கரசி தாழ்வாரத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து விசும்பி விசும்பி அழுதாள்.

ஸ்டெல்லா தயங்கித் தயங்கி வந்தாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கூட இருக்கிற ஆள்னு உங்க பேர் போட முடியல. சாரோட ரெக்கார்டுல மனைவி காலமாகிட்டாங்கன்னு வந்திருச்சு. இந்தாங்க, ஆட்சேப மனு. ஏழு நாளைக்குள்ள குடுக்கணும், இல்லன்னா பதிவு நிரந்தரமாயிடும்."

அதற்குள் நஞ்சப்பனின் அழைப்பு. "மேடம், உங்க பேருல பதிவு வந்துருக்குதுங்க! சீக்கிரம் மனு குடுத்துருங்க. இல்லாட்டி வண்டி உங்கள வெச்சுட்டு இப்படியேதான் ஓடும்."

"இப்படியேன்னா?"

"தகனச் சீட்டு வர்ற வரைக்கும் உங்க இறுதிப் பயணம் முடியலன்னு கணக்குங்க. நீங்க எப்ப ஏறுனாலும் அது அமரர் ஊர்திதான். புதுசா யாரும் சாக வேண்டியதில்லீங்க."

"சீட்டு வராமலே போச்சுன்னா?"

நஞ்சப்பன் கெட்டிக்காரன். "வண்டி உங்க வாசல்லயே நிக்கட்டுங்க மேடம்" என்று மட்டும் சொன்னான்.

அடுத்து வந்தது ஆசிரியர் அருளப்பன். துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டவர், அவளே ஹலோ என்றதும் அலறினார். ஐந்து நிமிடம் விளக்கிச் சொன்ன பிறகு அலறல் நின்று பெருமூச்சு வந்தது. "நல்லவேளை. ஆனா அம்மா, இரங்கல் செய்தி போட்டாச்சு. ஐராவதம்காரன் முழுப்பக்க அஞ்சலி குடுத்துட்டான். சாம்ராட்டும் ரெண்டு பக்கம் குடுக்கிறான், கலர்ல. கட்டுரை எழுதி வெச்சிருந்தியா?"

"எழுதப் போறேன்."

"எழுது, எழுது. 'கடைசிக் கட்டுரை'ன்னு போடுறேன். ஸ்டார் எத்தனை வேணா குடும்மா. போன ஆத்மா எழுதினதுல ஒரு எழுத்தைக்கூட யாரும் அடிக்க முடியாது. ஐராவதம்காரனே வாயைத் திறக்க மாட்டான்."

பத்தொன்பது வருடத்தில் அவர் இப்படி ஒரு தடவையும் சொன்னதில்லை. உயிரோடு இருந்த காலத்தில் அவள் கொடுத்த ஸ்டார்களில் பாதி அச்சுக்குப் போகும்போது உதிர்ந்துவிடும்.

அவள் படுக்கையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வேறு காகிதம் இல்லாததால் ஆட்சேப மனுவின் பின்பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தாள். ஐராவதத்தின் கான்கிரீட்டைப் பற்றி எழுதினாள். சாம்ராட்டின் கதவைப் பற்றி எழுதினாள். தும்பியின் பேட்டரி, சந்துக்குள் அது திரும்பிய அழகு, வாசலிலிருந்து நாலு எட்டு, எல்லாம் எழுதினாள். தும்பிக்கு ஐந்து ஸ்டார், சாலைக்கு ஒன்றுமில்லை. கட்டுரையின் முடிவில் 'யாருக்கு ஏற்ற வண்டி?' என்று ஒரு கட்டம் போடுவது வழக்கம். அதில் மட்டும் வெகுநேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

பொய்யாமொழி கண் விழித்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "மனு குடுத்தாச்சா?"

"ஏழு நாள் இருக்குங்க."

"எட்டாம் நாள்?"

"எட்டாம் நாள் வியாழக்கிழமை. உங்களுக்கு வியாழக்கிழமை டயாலிசிஸ் கிடையாது."

அவர் கணக்கு வாத்தியார். அந்தக் காகிதம் எந்தப் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தார். ஓட்டுரிமை, வேலை, பெயர், வங்கிப் புத்தகம் என்று அவள் எதையெதை விடப் போகிறாள் என்பதை அவர் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். கண் நிறைந்துவிட்டது.

"என்ன எழுதியிருக்க, படி."

அவள் அந்தக் கடைசிக் கட்டத்தை அப்போதுதான் நிரப்பிவிட்டுப் படித்தாள். "யாருக்கு ஏற்ற வண்டி? இரண்டு பேர் உள்ள சிறு குடும்பத்துக்கு. ஒருவர் உயிரோடு இருந்தால் போதும் என்று இருவரும் ஒத்துக்கொண்டால்."

"நான் ஒத்துக்கல" என்றார் பொய்யாமொழி. "அதை அடி."

"அடிக்க முடியாதுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "செத்தவ எழுதினது."